முட்டி கிழிந்த ஜீன்ஸும் தண்ணீர் வராத ஓஸும்

என் ஜீன்ஸ் பேண்ட் எட்டு வருஷம் உழைத்தது. முதல் ஆறு வருஷம் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஏழாவது வருஷம் ஒரு சபையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பேண்டால்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது, அதே பேண்டால் அது நின்றுபோகவும் பார்த்தது. ஒரு துணிக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கக் கூடாது. ஆனால் கொடுத்தது நான் இல்லை.

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தார்ப்பாயில் கொட்டியிருந்த பழைய துணிக் குவியலுக்குள் அதைக் கண்டெடுத்தேன். யாரோ பெரிய இடத்துப் பிள்ளை இடுப்பு பெருத்துத் தள்ளிவிட்டதாக இருக்கும். தூக்கிப் பார்த்தால் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. அந்தக் கனத்துக்காகத்தான் எடுத்தேன்.

பேத்துப்பாறைக்கு மேலே நாலு அறை உள்ள ஒரு காட்டேஜுக்கு நான் கேர்டேக்கர். முதலாளி மதுரையில் இருக்கிறார். பெயர்தான் கேர்டேக்கர், பார்ப்பதெல்லாம் ஓஸ் வேலை. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துக் குழாயை நம்பி யாரும் குளிக்கப் போவதில்லை. மேலே சோலைக்குள் ஓர் ஊற்றைப் பிடித்து, அங்கிருந்து கறுப்பு ஓஸ் பைப்பை மரத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் இழுத்துவந்து தொட்டியில் விட்டுக்கொள்வோம். காட்டுமாடு மிதிக்கும். ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். அடுத்த நிமிஷம் மதுரையிலிருந்து போன் வரும்.

“ஏலே, கெஸ்ட்டு தலை பூரா சோப்போட நிக்கிறாராம்ல! அங்க என்ன சோலி பாக்குற?”

ஓடுவேன். முள்ளுப் புதருக்குள் முட்டி போட்டு, கழன்ற முனையை லைட்டரால் வாட்டி, இளகியதும் ஜாயிண்டில் ஏற்றி, சைக்கிள் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். காற்று அடைத்திருந்தால் ஓஸில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீரோடு தலைப்பிரட்டையும் வாய்க்குள் வரும். இதில் நின்றுகொண்டு செய்கிற வேலை என்று எதுவுமே கிடையாது.

லுங்கி இதற்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. சாதாரண பேண்ட் இரண்டு மாதம். ஜீன்ஸ் மட்டும்தான் முள்ளுக்கும் அட்டைக்கும் ஈடு கொடுத்தது. அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம் உண்டு. காயாது. மூடுபனி நாளில் கொடியில் போட்டால் நாலாம் நாள் போட்டதைவிட ஈரமாக இருக்கும். தை மாத உறைபனியில் ஒருநாள் கொடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன், ஆள் இல்லாமலே நின்றது. காட்டேஜுக்கு வந்திருந்த குடும்பம் அதனோடு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

ஐந்தாவது வருஷத்திலிருந்து எனக்கு ஓஸ் கண்டம். வழுக்குப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஜாயிண்ட். காலை எட்டு மணிக்கு மேல், கெஸ்ட்டுகள் குளிக்கிற நேரம் பார்த்து, கழன்றுகொள்ளும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மறுநாள் காலையில் கழன்று கிடக்கும். அந்தப் பக்கம் ஒற்றைக் கொம்பு ஒடிந்த காட்டுமாடு ஒன்று திரிந்தது. அதுதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டேன். ஒவ்வொரு நாளும் புதருக்குள் முட்டி போட்டபடி அந்த மாட்டையும், அதன் அப்பனையும், அப்பனுக்கு அப்பனையும் வாயாரத் திட்டிக்கொண்டே கட்டுவேன். சுற்றிலும் யாரும் இல்லை என்ற தைரியம்.

தினமும் அதே இடம், அதே பாறை, அதே இரண்டு முட்டி. ஜீன்ஸில் முதலில் நீல நூல் தேய்ந்தது. பிறகு குறுக்கே ஓடும் வெள்ளை நூல்கள் மட்டும் முட்டியின் மேல் வரிவரியாக நின்றன. மற்ற இடமெல்லாம் புதிதுபோல் இருந்தது. குறிப்பாக உட்காருகிற இடம். எனக்கு உட்கார நேரம் இருந்ததில்லை.

ஆடி மாதச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறெந்த பேண்டும் காயவில்லை. ஜீன்ஸும் காயவில்லைதான், ஆனால் அதை ஈரத்தோடு போட்டுப் பழகியிருந்தேன். அதோடு சபைக்குப் போனேன். எங்கள் சபை சின்னது, தகரக் கூரை, பாயில்தான் உட்காருவோம். நான் கடைசி வரிசைக்காரன், பிரசங்கத்தில் பாதியைக் கண்ணை மூடிக் கேட்பவன். அன்றைக்கு ஜெபம் முடிந்து எல்லோரும் முழங்காலிலிருந்து எழுந்தபோது முன்வரிசை அக்கா ஒருவர் எதற்கோ திரும்பினார். என் முட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்துவிட்டார்.

“ஸ்தோத்திரம். நாம எல்லாம் வாயால ஜெபம் பண்றோம். கடைசி வரிசையில ஒரு பிரதர் இருக்காரு. அவரு முட்டியப் பாருங்க. உக்கார்ற எடம் அப்பிடியே புதுசா கெடக்கு, முட்டி மட்டும் போயிருச்சு. அவரு வீட்ல என்ன பண்றாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

எல்லோரும் திரும்பினார்கள். பாஸ்டருக்கு அதுவரை கிழிந்த ஜீன்ஸ் என்றாலே ஆகாது. டவுனில் படிக்கிற பிள்ளைகள் கடையிலேயே கிழித்து விற்கிற பேண்டைப் போட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார். அவர் என்னைப் பார்த்தார், என் முட்டியைப் பார்த்தார், அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். “ஒரு கிழிசல் கடையில வாங்குறது. ஒரு கிழிசல் முழங்கால்ல சம்பாதிக்கிறது” என்றார். சபை ஆமென் என்றது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் உண்மையைச் சொன்னேன். “ஐயா, இது ஓஸ் வேலைங்க. பைப் கட்டிக் கட்டிக் கிழிஞ்சது.”

பாஸ்டர் என் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா, எவ்வளவு தாழ்மை!”

அதற்குப் பிறகு நான் மறுக்க மறுக்க என் தாழ்மை வளர்ந்துகொண்டே போனது. மாடு பால் சுரக்கவில்லை என்று ஒருவர் வந்தார். ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் வந்தார். நான் ஜெபம் பண்ணாமல் பேட்டரி வயரை இறுக்கிக் கொடுத்தேன், அதுவும் ஜெபத்தின் கணக்கில் சேர்ந்தது. பன்றி வந்து பீன்ஸைக் குதறுகிறது என்று ஒரு தோட்டக்காரர் என்னை வரப்பில் முட்டி போட வைத்தார். மறுநாள் பன்றி அவர் தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

சாட்சி சொன்ன அக்கா ஒருநாள் கத்தரிக்கோலோடு வந்தார். வீட்டுக்காரருக்கு இருமல், தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும், முட்டியிலிருந்து ஒரே ஒரு நூல் போதும் என்றார். கொடுத்தேன். இருமல் நின்றதா என்று தெரியவில்லை, ஆனால் செய்தி நிற்கவில்லை. ஆளாளுக்கு ஒரு நூல் கேட்டார்கள். வழுக்குப் பாறை இரண்டு வருஷத்தில் செய்ததைச் சபை மூன்று வாரத்தில் செய்து முடித்தது. விரல் அளவு இருந்த ஓட்டை உள்ளங்கை அளவு ஆனது.

வெட்கமாக இருந்தது. நான் அப்போது ஜெபிக்கிறவனே இல்லை. அந்த முட்டி தரையில் பட்ட நேரமெல்லாம் என் வாயிலிருந்து வந்தது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு கட்டத்தில் நான் மறுப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு ஒரு பெண் காரணம்.

அவள் ஒரு பள்ளிக்கூட விடுதியின் ஆபீஸில் வேலை பார்த்தாள். காலை மினி பஸ்ஸில் இரண்டு வருஷமாகப் பழக்கம். எனக்கு அவள்தான், அவளுக்கு நான்தான் என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. அவள் அப்பாவிடம்தான் சொல்ல முடியவில்லை. அம்மா இல்லாத வீடு. அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். கறாரான ஆள். விடிவதற்கு முன்பே சோலைக்கு மேலே இருக்கிற மேட்டுக்குப் போய்த் தனியாக ஜெபித்துவிட்டு வருவார். அவருடைய காக்கி பேண்டுகள் எல்லாவற்றிலும் முட்டி தேய்ந்திருக்கும். என்னுடையது கிழிகிறவரை சபையில் பேர் பெற்ற முட்டி அவருடையதுதான். மகளைக் கேட்டு வந்த மூன்று மாப்பிள்ளைகளை ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பியிருந்தார். “தம்பி காலையில எத்தன மணிக்கு முழங்கால்ல நிப்பீங்க?”

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து என் முன்னால் நின்றார். என் முட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. பக்தி முற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“வீட்டுக்கு வாங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் முட்டியின் கதை முழுசாகத் தெரியும்.

“அப்பாகிட்ட சொல்லிரவா?” என்று மறுநாள் பஸ்ஸில் கேட்டேன்.

“கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க, பேண்ட்ட மாத்தாதீங்க” என்றாள். அதோடு பேச்சை வீட்டு வேலைக்குத் திருப்பினாள். முன்பெல்லாம் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி முதுகு போய்விட்டது, இப்போது அந்தக் கஷ்டம் இல்லை என்றாள். “எங்க ஊத்துல வெள்ளனே ஒரு மணி நேரம் தண்ணி வரும். அப்பா ஜெபம் முடிச்சு எறங்குறதுக்குள்ள டிரம்மு நெறஞ்சிரும்.”

ஊற்றையே தொழிலாக வைத்திருப்பவன் நான். விடியற்காலையில் மட்டும் ஒரு மணி நேரம் சுரக்கிற ஊற்று உலகத்தில் எங்காவது உண்டா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எதுவும் தோன்றவில்லை.

புரட்டாசி மழையில் ஓட்டை வழியாக அட்டை ஏறியது. கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகி, முட்டி வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். முட்டியை மூடி வை என்றார்கள். பேர்தான் வாங்கியாயிற்றே, இனி ஓட்டை எதற்கு என்று நானும் நினைத்தேன். சபையைச் சேர்ந்த தையல்காரரிடம் பேண்டைக் கொண்டுபோனேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மிஷின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இத அடைக்க எனக்குக் கை வரலங்க. வேற எதுனாலும் குடுங்க. ஜிப்பு வேணும்னா மாத்தித் தாரேன்.”

டவுனுக்குப் போய், என்னை யாரென்று தெரியாத ஒரு தையல்காரரைப் பிடித்தேன். அவர் கலைஞர். வேறொரு செத்த ஜீன்ஸிலிருந்து துணி வெட்டி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் தள்ளினார். இரண்டு முட்டியும் செருப்பு அடிப்பாகம்போல ஆனது. “இனி கால் போனாலும் முட்டி போகாது” என்றார். அவருக்கு என்ன தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் நுழைந்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஆரம்பித்துப் பின்வரிசை வரைக்கும் குரல் ஒவ்வொன்றாக அடங்கியது. வெளியே வந்ததும் அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது.

“என்னங்க பிரதர், இப்பிடிப் பின்வாங்கிப் போயிட்டீங்களே?”

பின்வாங்கிப் போனவன் என்பது எங்கள் சபையில் சின்ன வார்த்தை இல்லை. குடிகாரனுக்குச் சொல்வது. எனக்கு இரண்டு ஒட்டுத் துணிக்குக் கிடைத்தது. ஜெபத்தை விட்டவன்தானே முட்டியைத் தைத்துக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு. அப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் கொடுப்பதைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசப்போவதாக பாஸ்டர் சொன்னார் என்று புதன்கிழமை அவள் வந்து சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

“ஒரு மாசம் பொறுத்துக்க முடியலையா உங்களுக்கு? ஒரு பேண்ட்டு! ஒரு பேண்ட்ட அப்பிடியே வச்சிருக்க முடியல!”

அன்று சாயங்காலம் பிளேடை எடுத்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். பிளேடுதான் உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தைத்த துணியை மறுபடி கிழித்து, கிழிந்த முட்டியைக் காட்டிப் பெண் கேட்கிற நிலைக்கு வந்திருந்தேன். போதும் என்று தோன்றியது. காலையில் அவள் அப்பா ஜெபிக்கிற மேட்டுக்கே போய், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லையென்றால் போகட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கீழ்வானம் வெளுக்கிற நேரம் ஏறினேன். மேடு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. வழுக்குப் பாறைக்குப் பக்கத்தில், பனிக்குள், அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்காலில் நின்றார். தலை தரையை நோக்கிக் குனிந்திருந்தது. தோள்கள் குலுங்கின. நான் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இப்படி ஒரு ஜெபத்தை நான் பார்த்ததில்லை. மூச்சை இழுத்து இழுத்து விம்முகிறார். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. களக், களக். அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். காற்று அடைத்த ஓஸ்.

பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தேன். அவர் வாயில் ஓஸ் இருந்தது. என் ஓஸ். என் சைக்கிள் டியூப் கீற்று அவர் சட்டைப் பையில் தொங்கியது. பக்கத்துப் புதருக்குள்ளிருந்து இன்னொரு ஓஸின் முனை எட்டிப் பார்த்தது. அது கீழே, அவர் வீட்டுப் பக்கம், இலைச் சருகுக்கு அடியில் ஓடியது.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது தொழில் புத்தி. “அப்பிடி இல்லைங்க, முனைய இன்னும் தாழ்த்திப் பிடிங்க” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் முட்டி போட்டு ஓஸை வாங்கி, ஒரே இழுப்பில் காற்றை எடுத்தேன். தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நடுவில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து அதை அவர் ஓஸில் மாட்டிவிட்டோம்.

“எத்தன நாளா?” என்றேன்.

“ரெண்டு வருசம்” என்றார். “புள்ள முதுகு வலியில அழுதிச்சு தம்பி. எங்க ஊத்து காஞ்சிருச்சு. ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டு மாட்டி விட்ருவேன். தீ வச்சு வாட்டினா பொக தெரிஞ்சிரும்னு பச்சையாவே சொருகிருவேன். அதான் உங்களுக்கு எட்டு மணிக்குக் கழண்டுக்கிச்சு.”

என் முட்டியைப் பார்த்தேன். இரண்டு வருஷம், தினமும், அதே ஜாயிண்ட்.

“நீங்க வந்து கட்டுறத அந்தா அந்தப் பொதருக்குள்ள இருந்து பாத்துருக்கேன்” என்றார். “காட்டுமாடுன்னு நெனச்சுக்கிட்டுத் திட்டுவீங்க. அப்பன்ல ஆரம்பிச்சு பாட்டன் வரைக்கும். எல்லாத்தையும் நான் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன்.”

மாமனாராக வரப்போகிறவரின் மூன்று தலைமுறையை இரண்டு வருஷம் தவறாமல் திட்டியிருக்கிறேன்.

“அப்ப அன்னிக்கு சபையில...”

“எல்லாரும் ஜெபம்னாங்க. எனக்குத் தெரியாதா எது கிழிச்சதுன்னு? என்னால கிழிஞ்ச முட்டி. அதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு நாளாச்சும் ஓஸ வெட்டி விடுவீங்க, எடத்த மாத்துவீங்கன்னு பாத்தேன். மறுநாளும் வந்து திட்டிக்கிட்டே கட்டுனீங்க. இந்த மாதிரி ஆளத்தான் புள்ளைக்குக் கட்டிக் குடுக்கணும்னு தோணுச்சு.”

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஐயா, நான் ஜெபிக்கிறவன் இல்லை என்றேன்.

“நானும் ரெண்டு வருசமா இல்ல” என்றார். “இந்த வாய வச்சுக்கிட்டு எப்பிடிப் பண்றது?”

கீழே டிரம் நிறைய இன்னும் நேரம் இருந்தது. எழுந்திருக்கலாமா என்று நான் பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கண்ணை மூடினார். “ஆண்டவரே, இந்தத் தம்பியோட பேண்ட்ட நாந்தான் கிழிச்சேன்” என்றார். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன், முழங்காலில்தான். ஒட்டுத் துணிக்குள் தண்ணீர் இறங்கி முட்டி சில்லிட்டது. நிஜமாக ஜெபத்துக்கென்று அந்த ஜீன்ஸ் தரையில் பட்டது அதுவே முதல் தடவை. பார்க்க அங்கே யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் சாட்சி சொல்ல எழுந்தார். “தம்பி பின்வாங்கிட்டாருன்னு பேசிக்கிறாங்க. வியாழக்கெழம காலையில சோலையில என் பக்கத்துல முழங்கால்ல நின்னாரு. நான் பாத்தேன்” என்றார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அக்கா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பஸ்ஸில் அவள் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே என்ன நடந்தது என்று கேட்டாள். ஜெபம் பண்ணினோம் என்றேன். நிஜமாகவா என்றாள். நிஜமாக என்றேன். மீதியை நான் சொல்லவில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவரே சொல்லிவிட்டார். அவள் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை, என்னோடு நாலு நாள்.

முதலாளியிடம் நானே போனில் சொன்னேன், மாமா வீட்டுக்கு ஒரு கிளை வேண்டும் என்று. கெஸ்ட்டுக்குத் தண்ணி நின்னா தொலைச்சிருவேன் என்று கத்திவிட்டுச் சரி என்றார். வழுக்குப் பாறையில் மூன்று வழி ஜாயிண்ட் போட்டு, நன்றாக வாட்டி, நானும் அவரும் சேர்ந்து கட்டினோம். அதற்குப் பிறகு அந்த இடம் கழன்றதே இல்லை. கொம்பொடிந்த காட்டுமாட்டை எப்போதாவது தூரத்தில் பார்த்தால் எனக்குத் தலை குனிந்துவிடும்.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுத் தட்டுகள் வந்தன. ஒன்றில் பழம், ஒன்றில் வேதாகமம். மாப்பிள்ளைத் துணி வைத்த தட்டை பாஸ்டர் கையில் எடுத்து ஜெபிக்கப் போனவர், கண்ணைத் திறந்து மறுபடி பார்த்தார். கோட்டுத் துணிக்கு மேல் ஒரு புது ஜீன்ஸ் மடித்து வைத்திருந்தது. கடை அட்டை இன்னும் இடுப்பில் தொங்கியது. இன்னும் ஒருநாள்கூடப் போடாத அதன் இரண்டு முட்டியிலும், டவுன் தையல்காரரின் கைவண்ணத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுப் போட்டிருந்தது.

“இது என்னங்க, கிழியிறதுக்கு முன்னாடியே?” என்றார் பாஸ்டர்.

அவள் அப்பா என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்.

“கிழிச்சவன்தான ஐயா தைக்கணும்.”